தம்பி பந்தைக் கேட்டு வாங்கிய நாள்

காலை எட்டரைக்கு டுசல்டோர்ஃபில் ரயில் ஏறினேன். மன்ஹைமுக்கு ஒருவழிக்கு முப்பத்தொன்பது யூரோ, கொலோனில் மாறவேண்டும். தம்பி யூட், பேஸ்போல் பயிற்றுநராக இறங்கும் முதல் ஆட்டம் அன்று. பரீட்சை அவனுக்கு, காய்ச்சல் எனக்கு.

மன்னாரில் எங்கள் வீட்டார் யாரும் இந்த விளையாட்டைக் கண்டதில்லை. இங்கே பிறந்த அவனோ பந்தெறிபவனாக அமெரிக்கா வரை போய்ச் சம்பளத்துக்கு ஆடினான். இருபத்தாறு வயதில் முழங்கை போய்விட்டது. பிறகு சத்திரசிகிச்சை, பண்டகசாலை வேலை. இப்போது ஒரு சிறிய கழகம் அவனைத் தற்காலிகமாக எடுத்திருக்கிறது. இன்று தோற்றால் வைத்திருக்கமாட்டார்கள் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தான்.

பத்தே முக்காலுக்கு மன்ஹைம். அங்கிருந்து டிராமில் மைதானம். மைதானத்தில் என் பக்கத்து இருக்கையில் வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை பார்க்கும் சென்னைக்காரர் ஒருவர். அமெரிக்காவில் இருந்தபோது பிடித்த பேஸ்போல் பைத்தியம் என்றார்.

எங்கள் அணியின் பந்தெறிபவன் நெட்டையன். எதிரணி அவன் பந்தைத் தொடவே திணறியது. கடைசிக் கட்டம், நாங்கள் ஓர் ஓட்டத்தால் முன்னணி. அப்போது தம்பி எழுந்து, நடுவிலிருந்த மண்மேட்டுக்கு நடந்துபோய் நெட்டையனிடம் கையை நீட்டினான். பாராட்டுகிறான் என்று நினைத்து நான் எழுந்து நின்று கைதட்டினேன். சுற்றியிருந்தவர்கள் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்கள்.

"மேடம், அது கைகுலுக்க இல்லீங்க," என்றார் சென்னைக்காரர். "கோச் கை நீட்டினா பந்தைக் குடுத்துட்டு வெளிய போயிடணும். இவ்ளோ நல்லா போடறவரை ஏன் எடுக்கறாருன்னுதான் புரியல."

கூட்டம் கூச்சலிட்டது. அடுத்து வந்தவனின் பந்துகளை எதிரணி வெளுத்து வாங்கியது. தோற்றோம்.

மாலை தம்பி என்னை வழியனுப்ப நிலையத்துக்கு வந்தான்.

"திங்கட்கிழமை வந்து கதைக்கச் சொல்லிக் கழகத்தில டெர்மின் தந்திருக்கினம், அக்கா. அனேகமா வேலை போகும்."

"பிறகேன்ரா அவனை எடுத்தனி?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாத்தானே எறிஞ்சவன்!"

"எறிஞ்சுபோட்டு முழங்கையைப் பிடிச்சவன். ஒருத்தரும் காணேல்லை." தன் முழங்கையைத் தடவிக்கொண்டான். "அண்டைக்கு என்னட்டைக் கை நீட்ட ஒருத்தரும் வரேல்லை, அக்கா."

ரயில் வந்தது.

கொலோன் நெருங்கும்போது அம்மா அழைத்தார். "பிள்ளை, தம்பி வெண்டவனோ?"

திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது.

"ஓம் அம்மா," என்றேன். "வெண்டிட்டான்."