தோலுக்கு ஐந்து பைசா

கணக்கு எழுதுகிறவன் உள்ளே வந்தாலே முதலாளிகளுக்கு முகம் சுருங்கிவிடும். பகலில் ஆபீஸ், மாலையில் பார்ட் டைம் என்று பேரேடும் கையுமாக அலைந்த என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளில் நான் பம்பாயில், ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மாலையில் மாட்டுங்காவில் இறங்கி, தாராவிக்கு நடந்து, மைதீன் பாயின் தோல் பட்டறையில் கணக்கு எழுதுவேன். பாய்க்கு என் வயதுதான், என்னைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் என் அனுபவத்தில் கணக்கை அவரளவு புரிந்துகொண்ட ஆளை நான் பார்த்ததில்லை.

முதலும் கடன்தான்

முதல் வருஷம் ஐந்தொகை, அதாவது பாலன்ஸ் ஷீட், போட்டு வாசித்துக் காட்டினேன். பாய் போட்ட முதலைக் கடன்கள் பக்கத்தில் எழுதியிருந்தேன். அவருக்குச் சுருக்கென்றது. சொந்தக் காசு எப்படி ஐயா கடனாகும்? "பட்டறை ஒரு ஆள், நீங்கள் ஒரு ஆள். அது உங்களுக்குத் தர வேண்டிய பணம் இது" என்றேன். இதைப் புரியவைக்க முடியாமல் பட்டதாரி முதலாளிகளிடம் நான் மண்டையை உடைத்துக்கொண்டதுண்டு. பாய் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

மறுநாள் நான் செருப்பைக் கழற்றுமுன்பே சொன்னார்: "பிள்ளைவாள், வீட்டுக்கு மீனு வாங்க பட்டறைப் பெட்டியிலருந்து ரெண்டு ரூவா எடுத்திட்டேன். நான் வேற ஆளுல்லா, எம் பேருல பற்று எழுதிக்கிடும்."

பெட்டியில் கூடின பணம்

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு தோல் விற்கும்போதும் ஐந்து பைசா தர்மத்துக்கு. வேலைக்காரர்களில் யாராவது நோயில் விழுந்தால் வைத்தியத்துக்கும் ஊருக்கு ரயில் டிக்கெட்டுக்கும் அந்தப் பணம். நானும் சமர்த்தாக, 'தர்மச் செலவு பற்று, ரொக்கம் வரவு' என்று எழுதி, ஏட்டில் ரொக்கத்தைக் குறைத்து வந்தேன். ஆனால் எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் ஏட்டில் இருப்பதைவிடப் பெட்டியில் பணம் கூடுதலாக இருந்தது. ஏதோ விற்பனை விட்டுப்போயிற்று என்று மூன்று நாள் பில்களைப் புரட்டினேன்.

பாய் என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். பணம் வெளியே போகவே இல்லையே, எப்படி ரொக்கம் குறையும் என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ரொக்கத்தைத் தொட்டிருக்கக்கூடாது; தர்மக் கணக்கு என்று தனியாக ஒன்று திறந்து, பட்டறை அதற்குத் தர வேண்டிய கடனாக வைத்திருக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். எனக்கு மறந்துபோனதை அவர் கோரைப்பாயில் உட்கார்ந்தபடி கண்டுபிடித்தார்.

"கடன் வாங்கினது யாருட்டன்னு இன்னும் தெரியாது, அவ்வளவுதான். ஆளுக்குச் சீக்கு வந்தா தெரிஞ்சிட்டுப் போகுது" என்றார்.

கோடு அடித்தால் போதும்

ஒரு பை வியாபாரியிடமிருந்து பெரிய ஆர்டர் வந்தது. தோலை மெல்லிசாகச் சீவும் மெஷின் இருந்தால்தான் முடியும். இல்லாவிட்டால் ஆர்டர் போய்விடும். மழைக்கு முன் நாலு பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டிய நிலைமை. மெஷினைத் தவணைக்குத் தரும் கம்பெனியில் மேனேஜர் மாட்டுங்காத் தமிழர். முதலைவிடக் கடன் அதிகமானால் தவணை கிடையாது என்பது அவர்கள் ரூல். எங்களுக்குக் கடன் ஐந்நூறு ரூபாய் அதிகம்.

மேனேஜர் பென்சிலைத் தர்மக் கணக்கின் மேல் வைத்தார். நானூற்றுப் பத்து ரூபாய். அதைக் கடனிலிருந்து அடித்து பாயின் முதலோடு சேர்த்துவிட்டால், கடன் அவ்வளவு குறையும், முதல் அவ்வளவு கூடும்; தாராளமாகத் தேறிவிடும். இல்லை, கடன்தான் என்றால் கொடுத்தவரிடம் 'பாக்கி உண்மை' என்று கையெழுத்து வாங்கி வாரும் என்றார். அடித்துவிடலாம் என்றுதான் நானும் பாயிடம் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

பாய் கோபப்படக்கூட இல்லை. "அது எங்காசு இல்லயே, பிள்ளைவாள். அத எம் முதல்ல எப்படிச் சேப்பீரு?"

பன்னிரண்டு கைநாட்டு

கையெழுத்து என்று மேனேஜர் பேச்சுக்குச் சொன்னதைப் பாய் அப்படியே எடுத்துக்கொண்டார். மறுநாள் ஒரு தாளைக் கொண்டுவந்தார். பட்டறையில் வேலை செய்யும் பன்னிரண்டு பேரின் பெருவிரல் ரேகையும் வரிசையாக இருந்தது. இவர்களில் யாருக்குச் சீக்கு வருமோ தெரியாது, அதனால் எல்லாரிடமும் வாங்கிவிட்டேன் என்றார். கம்பெனியில் அதை மேனேஜரிடம் நீட்டியபோது, அவர் சிரித்துவிடப்போகிறாரே என்று நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. தாளை இரண்டு தடவை பார்த்தார். பேனாவைத் திறந்து எங்கள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "ரூல்படி தரப்படாது. ஆனா தனக்குப் பாதகமான ஒரு தொகையை ஒருத்தர் இத்தனை பிடிவாதமாக் காட்டறார்னா, மத்தத் தொகையை நான் சரிபார்க்க வேண்டியதில்லை ஓய்."

இரண்டு பக்கமும் ஒத்துவந்தால் கணக்கு முடிந்தது என்று காசு கட்டிப் படித்த நான், அதற்கு மேலும் கணக்கில் ஒன்று இருக்கிறது என்பதை பாயிடம் மாதம் முப்பது ரூபாய் சம்பளம் வாங்கிக்கொண்டு படித்தேன்.