பிளேடின் இடது முனை

"மண்ணு தள்ளுற வண்டிதானேப்பா, அதுல அப்படி என்ன ரிப்பேரு?" என்று போனில் கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன், பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

ஓசூரிலிருந்து தளி போகும் ரோட்டை ஒட்டி, ஒரு கம்பெனி கட்ட நிலத்தைச் சமன் செய்துகொண்டிருந்தேன். தகர அறையில் தனியாகத் தங்கல். பகலெல்லாம் புல்டோசர் சத்தத்தில் யாரோடும் பேச முடியாது. இன்ஜினை அணைத்த பிறகு பேச யாரும் இருக்க மாட்டார்கள். அப்படியும் அந்த வேலையை விட மனமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்செட்டி பஸ்ஸைப் பிடித்தால், ராத்திரிச் சோற்றுக்கு நாட்றாம்பாளையம் வந்து உங்களோடு உட்கார்ந்துவிடலாம்.

அந்த நிலத்தின் நடுவில் ஒரு வேடியப்பன் கல் இருந்தது. வில் பிடித்த வீரனைச் செதுக்கிய பழைய கல். நிலத்தை விற்ற குடும்பம் அதை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லித்தான் விற்றிருந்தது. நானும் அதைச் சுற்றியே மண் தள்ளினேன்.

ஒருநாள் இன்ஜினியர் வந்து அளந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னாண்ணா இது? மழை பெஞ்சா தண்ணி பூரா சாமி கல்லுகிட்டதான் போய் நிக்கும். தெப்பத் திருவிழா நடத்தலாம்னு இருக்கீங்களா?"

"பிளேடு ஒரு பக்கமா இழுக்குது சார்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா புது வண்டிக்குச் சொல்லிடுவேன். கோவிச்சுக்காதீங்க."

வண்டி முதலாளிக்குப் போன் போட்டேன். "சரியாகலேன்னா அதை இரும்புக்குப் போட்டுடலாம். நீ பெல்லாரி போயிடு. அங்க ஆளில்லாம தவிக்கிறேன்" என்றார். பெல்லாரி என்றால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வீடு.

வண்டிக்கு முன்னால் மண் தள்ளும் பிளேடைச் சாய்க்கும் சிலிண்டரில்தான் எண்ணெய் கசிகிறது என்று நினைத்தேன். மெக்கானிக் வந்து சீல் மாற்றினார். அதே கோணல். பிளேடைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் எந்தப் பக்கமும் கொஞ்சம்கூட இறங்கவில்லை. ஆக, சிலிண்டர் நல்லாயிருக்கிறது. பிளேடை வண்டியோடு பிணைக்கும் பின்களை எல்லாம் கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தேன். ஆட்டமில்லை.

சரியாக அளக்கச் சமமான தரை வேண்டும். பக்கத்து கம்பெனியில் கேட்டு, லாரி நிற்கும் சிமெண்ட் தளத்தில், தளம் உடையாமலிருக்கப் பழைய கன்வேயர் பெல்ட்டை விரித்து வண்டியை ஏற்றினேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் கையில் இருந்தது. அதை ஒரு ஆளால் பிடிக்க முடியாது. ஒரு முனையைக் கம்பியால் கட்டிவிட்டு மறுமுனைக்கு ஓடினேன். கட்டு நழுவித் தண்ணீர் கொட்டியது. மறுபடி நிரப்பிக் கட்டினேன், மறுபடி கொட்டியது. டியூப்பின் அந்த முனையைப் பிடிக்கக்கூட ஒரு ஆள் இல்லையே என்று தோன்றியது.

அங்கே புதுச் சுவருக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தளிப்பக்கத்து அம்மா ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பாதி கன்னடம், பாதி தமிழ்.

"ஏனண்ணா, தரைக்கும் சேத்து நீயே தண்ணி விடுறியா? அப்ப நான் வீட்டுக்குப் போறேன்."

"இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்கம்மா."

பிடித்தார். பிளேடின் மேல் விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டம். கீழே குனிந்து தரையிலிருந்து அளந்தேன். இடது முனை இரண்டு விரல் மேலே நின்றது. ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினேன். மண்ணை வெட்டும் எட்ஜ் தகடு அந்தப் பக்கம் மட்டும் தேய்ந்து போயிருந்தது. சீட்டிலிருந்து பார்த்தால் அந்த முனை தெரியாது.

"இது மட்டும் ஏன் தேயுது?" என்றேன், எனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

"தேயாம? தினமும் பாக்குறேனே. வண்டியில உக்காந்துகிட்டே சாமியை வலம் வர்றே. ஒருநாளாவது அந்தப் பக்கமா திரும்பியிருக்கியா?"

நான் யோசித்துச் செய்யவில்லை. சாமி என்றால் வலது கைப்பக்கம் வைத்துத்தானே சுற்றுவோம். கல்லை ஒட்டிய மண் மெத்தென்று இருக்கும். வெளிப்பக்கம் முழுக்கப் பாறை. ஒவ்வொரு சுற்றிலும் இடது முனைதான் பாறையில் உரசியிருக்கிறது.

எட்ஜ் தகட்டை மேல்கீழாகத் திருப்பிப் போட்டால் தேயாத விளிம்பு கீழே வரும். துருப்பிடித்த போல்ட்டுகளைச் சூடு காட்டிக் கழற்றினேன். மாட்டி முடித்து முதல் தடவை இடப்பக்கமாகத் திரும்பியபோது கை கூசியது. அப்படிச் சுற்றுவது சாவுக் காரியத்தில்தான். கல்லைப் பார்த்து, "பொழப்பு சாமி" என்று சொல்லிவிட்டு லீவரை இழுத்தேன். அதற்குப் பிறகு மாற்றி மாற்றித்தான் சுற்றினேன்.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் அளந்தார். "இப்ப கேரம் போர்டு மாதிரி இருக்குதுண்ணா" என்றார். முதலாளிக்கும் அவரே போன் போட்டுப் பாராட்டினார்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "கெழட்டு வண்டி நல்லா வெட்டுதாமே. பரவால்லியே. அந்த வேலை முடிஞ்சதும் லாரியில ஏத்து. நீயும் அதோடவே பெல்லாரி வந்துடு. உன் கைக்குத்தான் அது அடங்குது."

"சரிங்க" என்றேன். வேலை முடிந்ததும் வண்டியை லாரியில் ஏற்றிவிட்டு, நானும் அதோடு வந்துவிட்டேன்.

இங்கே பெல்லாரியில் மண் செம்மண். பிளேடு நேராகத்தான் வெட்டுகிறது. சனிக்கிழமை சாயங்காலம் இன்ஜினை அணைத்த பிறகும் சீட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் இல்லை.