வலைக்கு நடுவே ஒரு நெய்தல்

பள்ளிக்கூடச் சத்துணவுக்கூடத்தில் தலை நரைக்கும்வரை சோறு பொங்கியவள் சாரம்மாள். ஆழ்வார்குறிச்சிப் பக்கத்தில் அவளுடைய ஊர்க் குளத்தைத் தூர்வாரியபோது நெய்தலும் மண்ணோடு போய்விட்டதென்று கணவர் பாக்கியசீலன் சாகும்வரை புலம்பினார். அவரில்லாத முதல் ஈஸ்டர் விடியலில், அவர் கல்லறைமேல் அந்த நீலப்பூவை வைத்தே தீருவதென்று இருந்தாள் அவள்.

மணிமுத்தாறு பக்கத்து ஓடையிலிருந்து கிழங்கு கொண்டுவந்து, களிமண்ணில் பொதிந்து கரையோரம் நட்டாள். எருமை மேயாமலிருக்கச் சுற்றிலும் உடைமர முள் ஊன்றினாள். பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து கால்வாயை அடைத்ததும் குளம் வற்றத் தொடங்கியது. தண்ணீர் உள்வாங்க உள்வாங்க, செடியைச் சேற்றோடு பெயர்த்து உள்ளே உள்ளே நட்டாள். முள்ளும் கூடவே நகர்ந்தது. கடைசியில் செடி நின்ற இடத்தில்தான் குளத்து மீனெல்லாம் ஒதுங்கிக் கிடந்தது.

ஈஸ்டருக்கு முந்தின நாள் முதல் பூ விரிந்தது. அன்றுதான் மீன் குத்தகைக்காரன் இசக்கியப்பனும் வலையோடு வந்தான். முதல் இழுப்பிலேயே வலை முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

"முள்ளை ஊனுனது நீங்களாக்கா?"

"எருமைக்கு வச்சதுப்பா."

"எருமை தப்பிச்சிட்டு. என் வலைல்லா மாட்டிக்கிட்டு!"

ஆட்கள் சிரித்தார்கள்.

"அந்த இடத்தை மட்டும் விட்ருலே. இப்பமே பறிச்சா வாடிரும், நாளைக்குக் கல்லறைக்கு வேணும்."

"மீனு பூரா அங்கனதான் கெடக்கு. இன்னைக்குப் பிடிக்கலன்னா செத்து மெதக்கும். முள்ளை எடுங்க."

முள்ளை எடுத்தாள். உள்ளங்கை கிழிந்தது. பிறகு முழங்கால் சேற்றில், செடியை ஒட்டித் தானே நின்றுகொண்டாள்.

"இனி வலையைப் போடு."

"விளையாடுதீகளா? வெளிய வாங்கக்கா!"

"பள்ளிக்கூடத்துல ஒனக்கு ரெண்டு முட்டை வச்ச கைதாம்லே இது. போடு."

"பைய இழுங்கலே," என்றான் இசக்கியப்பன் ஆட்களிடம்.

வலை நெருங்கியது. விரால்கள் அவள் காலில் முட்டின. ஈயக்குண்டு கோத்த அடிக்கயிறு கெண்டைக்காலில் வந்து இடித்தது. அவள் அசையவில்லை. இன்னும் ஒரு சாண் நகர்ந்தால் தண்டு அறுந்துவிடும். இசக்கியப்பன் அவளருகே வந்து குனிந்தான். தண்ணீருக்குள் கைவிட்டு, கயிற்றைத் தூக்கிச் செடிக்கு மேலாகக் கடத்தினான். அந்த இடைவெளியில் பெரிய விரால் ஒன்று நழுவியது.

"போச்சு," என்றான். "பாக்கியசீலன் அண்ணாச்சி கணக்குல எழுதிக்கிடுங்கக்கா."

மறுநாள் இருட்டோடு, கல்லறைத் தோட்டமெங்கும் விரிந்த ரோஜாக்கள். சாரம்மாள் கையில் இரவோடு கூம்பிப்போன நெய்தல்.

"கூம்புன மொட்டையா வைக்கிய?" என்றாள் பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வந்தவள்.

"வெயில் ஏறட்டும்," என்று சாரம்மாள் அங்கேயே உட்கார்ந்தாள்.