காயவிட்ட பிறைமர்

என் அம்மா இராசமலருக்குப் பிறைமர் என்றால் பெயின்றுக்கு முன் இரும்புக் கிறில்லுக்கு அடிப்பது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு முரசுமோட்டைப் பக்கம் வீட்டுத்திட்டம் வந்தபோது, ஆறு வருடம் யன்னல் கிறில்களுக்குப் பிறைமர் அடித்தார். முதல் பூச்சுக் காயமுன் யாராவது பெயின்ற் அடித்தால் பிரஷைப் பறித்துவிடுவார். அந்த வேலையில்தான் என்னைப் படிப்பித்தார். நான் கட்டடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்.

போன வருடம் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் தலைமுடியோடு இமைமுடியும் கொட்டியது. தலையைச் சேலைத் தலைப்பால் மூடலாம். வெறும் கண்ணைக் காட்டத்தான் கூசினார். அந்த நேரம்தான் என் தங்கை கஜனிக்குக் கலியாணம் வந்தது.

"படத்தில வருத்தக்காரி மாதிரி நிக்க மாட்டன்," என்றார்.

கஜனி பெயரை எழுதித் தர, வவுனியாவில் ஒரு பார்மசியில் விலை குறைந்த இமைமுடிப் பிறைமர் வாங்கி வந்தேன். மஸ்காராவுக்கு முன் பூசும் வெள்ளைப் பசை. இருக்கிற முடியைத் தடிப்பாகக் காட்டுமாம்.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் பூசிப் பார்த்தோம். இடது கண்ணில் பதினொரு முடி, வலதில் ஒன்பது. எண்ணிவிட்டுத்தான் பூசினேன்.

"கொக்கு மாதிரி இருக்கிறியள் அம்மா," கஜனி சிரித்தாள்.

"பேசாமல் இரடி. இது முதல் கோட்." அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, எவ்வளவு நேரம் காய விடோணும்?"

"பிறைமர் எண்டால் நல்லாக் காயத்தானே வேணும். ஒரு மணித்தியாலம் விடுங்கோ."

"ஓம், அதுதானே."

ஃபானுக்கு முன்னால் கதிரையைப் போட்டு, முடிந்தவரை இமைக்காமல் இருந்தார். நான் பெட்டியை வாசிக்கவில்லை. ஈரம் காயமுன் மஸ்காரா பூச வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

பசை இறுகிவிட்டது. மஸ்காரா அதன்மேல் கட்டி கட்டியாகத் திரண்டது. கஜனி பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்தாள். பஞ்சோடு முடியும் வந்தது. இரண்டு கண்ணிலும் சேர்த்து நான்கு மிஞ்சியது.

அம்மா பஞ்சை வாங்கிப் பார்த்தார்.

"பழசைச் சுரண்டினாத்தானே புதுசு பிடிக்கும்," என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார்.

மறுநாள் எல்லாப் படத்துக்கும் வந்து நின்றார். "அம்மா, இங்க பாருங்கோ," என்று படம் எடுத்தவர் பல தடவை கூப்பிட்டார். ஒரு படத்திலும் அம்மா நிமிரவில்லை.

நான்கு மாதத்தில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைக்கு, பழைய அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுபோனேன்.

"இது கனகாலத்துப் படமெல்லோ," என்றார் அச்சகக்காரர். "கிட்டடியில எடுத்தது இல்லையோ?"

"இருக்கு," என்றேன். "அதில அவவின்ர கண் தெரியேல்லை."