அக்காவிடம் கேட்காத கேள்வி

நல்ல செல்லுக்குச் சாகத் தெரியும். பழுதுபட்டால் தன்னைத் தானே கலைத்துக்கொள்ளும். அந்தச் சாவைத் தடுக்கும் புரதம் ஒன்றும் அதற்குள் இருக்கிறது. அது அளவுக்கு மிஞ்சினால், சாக வேண்டிய செல்கள் சாகாமல் குவிகின்றன. எனக்கு அப்படித்தான் ரத்தத்தில் புற்று. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. அந்தப் புரதத்தை முடக்க இப்போது மாத்திரை உண்டாம்.

இதை டாக்டர் என்னிடம் சொல்வதற்கு நான் கத்த வேண்டியிருந்தது. டாக்டர் அறை வாசலில் என் மகன், "அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்கமாட்டாரு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"டேய், ஒடம்பு யாருதுடா?" என்றேன்.

எனக்கு அவனைத் திட்ட என்ன யோக்யதை? அதே அயோக்கியத்தனத்தை நானும் செய்தவன்.

மலாயா சுதந்திரத்துக்குச் சற்று முந்தைய காலம். காஜா பேராங்கில் வாடகை வீடு. கணவனை இழந்து எங்களோடு இருந்த அக்கா, ஜாலான் பெண்டஹாரா தெருத் துணிக்கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துத்தான் என்னை இங்கிலீஷ் பள்ளியில் படிக்கவைத்தாள். அவள் கழுத்தில் கட்டிகள் வந்தன. தங்கைக்கோ கிளேபாங்கில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அப்பா என்னைத் தனியே இழுத்தார். "தொரை என்னா சொன்னாலும் அவகிட்ட சொல்லாத. வெளிய தெரிஞ்சா சின்னவ கல்யாணம் நின்னுரும்."

வெள்ளைக்கார டாக்டருக்கும் அக்காவுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளன் நான்தான். புற்று என்றார். சிங்கப்பூரில் கதிர் சிகிச்சை இருக்கிறது, தானே எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். "போகச் சம்மதமா என்று அவளிடம் கேள்."

நான் அக்காவிடம் திரும்பி, "வலிக்குதாக்கா?" என்றேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். டாக்டர் அதைப் பார்த்தார். மறுபடியும் கேட்கச் சொன்னார்.

"காய்ச்ச அடிக்குதா?"

மறுபடியும் இல்லை என்றே தலையை ஆட்டினாள். அவர் பேனாவை மூடிவிட்டார்.

வெளியே வந்ததும் அக்கா, "அவரு அவ்ளோ நேரம் பேசுனாரு, நீ ரெண்டே வார்த்ததான கேட்ட?" என்றாள்.

"இங்கிலீஷ்காரனுங்க நீட்டி முழக்குவானுங்கக்கா."

"அப்ப நாமதான் சிக்கனம் லா" என்று சிரித்தாள்.

கல்யாணம் ஜோராக நடந்தது. பந்தியில் அத்தை அக்காவிடம், "முந்தானைய இழுத்துக் கழுத்த மூடுடி, சம்பந்தி பாக்குறாங்க" என்று பல்லைக் கடித்தாள். அக்கா மூடிக்கொண்டாள். தங்கையின் தலைதீபாவளிக்கு அவள் இல்லை. விதி என்றார்கள். என்ன விதி? அப்பா சொன்னார், நான் செய்தேன். பண்டார் ஹிலிர் திடலில் 'மெர்டேக்கா', விடுதலை என்று தொண்டை கிழியக் கத்தியவன், சொந்த அக்காவை வாய் திறக்க விடவில்லை.

கதிர் சிகிச்சை அவளைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்லவில்லை. இந்த மாத்திரை அன்று கனவில்கூட இல்லை. ஆனால் போவதா வேண்டாமா என்பது அவள் சொல்ல வேண்டிய பதில்.

டாக்டர் மாத்திரையின் ஆபத்துகளையும் விளக்கிவிட்டு, "சம்மதமா?" என்று கேட்டார், என் மகனைப் பார்த்து. மகன் தலையாட்டப் போனான்.

"கேள்வி எனக்கு" என்றேன். "சம்மதம்." தலையை ஆட்டவில்லை. வாயைத் திறந்து சொன்னேன்.