என் மச்சானின் துவக்கை இறக்கிவைத்தவன் நான்

ஜேர்மனியில் நான் என்னென்ன செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்பத்துநான்கில் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து, அடைக்கலம் கேட்கிற "அசூல்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பொலிஸ்காரனுக்கு முன்னால் நின்றவன் நான். இன்றைக்கு எனக்குச் சொந்தமாகத் துப்புரவு நிறுவனம் இருக்கிறது. பெரிய பெரிய அலுவலகங்களின் கண்ணாடி என் ஆட்கள் துடைத்தால்தான் மினுங்கும். இரண்டு மாடி வீடு, கீழே பலசரக்குக் கடை. இந்த மாவட்டத்துக்குள் முருங்கைக்காயை முதலில் கொண்டுவந்து இறக்கியவன் நான்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு நகரசபையோடு மல்லுக்கட்டி இடம் எடுத்துக் கொடுத்தவனும் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இவ்வளவையும் செய்திருக்கிறேன். படித்தவர்கள் யாரும் செய்திருந்தால் இந்நேரம் மலர் வெளியிட்டிருப்பார்கள்.

இவற்றையெல்லாம் ஊர் மறந்தாலும் நான் பேசாமல் இருந்துவிடுவேன். டெக்சாஸில் இருக்கிற என் மச்சானின் துவக்கு விஷயத்தை மட்டும் விடமாட்டேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கப்பலில் வேலைக்குப் போய், ஹூஸ்டன் துறைமுகத்தில் இறங்கி, திரும்பக் கப்பல் ஏறாதவன். அங்கே படிக்க வந்த எங்கள் பக்கத்துப் பெண் ஒன்றைக் கட்டினான், ஒரு மகளும் பிறந்துவிட்டாள். பெட்ரோல் நிலையத்தோடு சேர்ந்த சின்னக் கடையில் இரவு வேலை. ஒருநாள் முகமூடி போட்ட ஒருவன் வந்து அவன் நெற்றியில் பிஸ்டலை வைத்து, கல்லாவில் கிடந்ததை அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். அடுத்த கிழமையே மச்சானும் ஒரு பிஸ்டல் வாங்கிவிட்டான். பாண் வாங்குவதுபோல வாங்கலாமாம். வேலைக்குப் போகும்போது இடுப்பில் சொருகிக்கொண்டு போவதும், வந்ததும் வீட்டில் ஒளித்து வைப்பதுமாக இருந்தான்.

இதெல்லாம் எங்களுக்குக் கசெற்றில் வந்தது. அந்த நாளில் அமெரிக்காவுக்குத் தொலைபேசி எடுப்பதென்றால் நினைத்தும் பார்க்க முடியாது. எனக்குக் கடிதம் எழுத வராது, கதைக்க வரும். கசெற்றில் கதைத்துத் தபாலில் போடுவேன். அவனும் அப்படியே அனுப்புவான். அப்போது நாங்கள் இருந்த அகதி விடுதியில் கசெற் பதிகிற வழக்கத்தைத் தொடங்கி வைத்ததே நான். மற்றவர்களும் "அண்ணை, எங்கடை வீட்டுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லி விடுங்கோ" என்று வந்து நிற்பார்கள். என் குரலைக் கேட்டால் பிள்ளைகள் சாப்பிடுகின்றனவாம் என்று கனடாவிலிருந்துகூடப் பதில் வந்தது.

துவக்குச் செய்தி வந்த கசெற்றை என் மனைவி இரண்டு தரம் கேட்டாள். பிறகு கசெற் போடுகிற ரேடியோவை நிறுத்திவிட்டு அப்படியே இருந்தாள். அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான். ஊரில் சந்தியில் வைத்து யாரோ சுட்டுவிட்டார்கள். யார், எதற்கு என்று இன்றுவரை தெரியாது. மிஞ்சியிருந்தது இந்தத் தம்பி ஒருவன்தான்.

"கோழி அறுக்கிறதையே பாக்கமாட்டான். ஓடிப்போய்க் கிணத்தடியிலை நிப்பான்," என்றாள். "அவன்ரை கையிலை துவக்கோ? நீங்கள் சொன்னாக் கேப்பான். எப்பிடியாவது அதை விடச் சொல்லுங்கோ."

அந்த நாள் முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்திலிருக்கிற பான் நகருக்குப் போவதற்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். மாவட்ட எல்லையைத் தாண்டினால் பிடிப்பார்கள். வேலை செய்யவும் தடை. இப்படிக் கட்டிப்போட்டிருக்கிற ஒருவன் டெக்சாஸில் இருக்கிறவனின் கையை எப்படிப் பிடிப்பது? பொதுச் சமையலறைக்கும் எங்கள் அறைக்குமாக நடந்து நடந்து செருப்புத்தான் தேய்ந்தது.

அந்தச் சமையலறையில் தேவாலயத்தார் தந்த பழைய தொலைக்காட்சி ஒன்று இருந்தது. அமெரிக்காவில் எங்கேயாவது ஒருவன் கடைக்குள்ளோ பள்ளிக்கூடத்துக்குள்ளோ புகுந்து சுட்டால் ஜேர்மன் செய்தியில் காட்டுவார்கள். பிறகு கழுத்துப்பட்டி கட்டிய இரண்டுபேர் வந்து, துவக்கைத் தடைசெய்ய வேண்டும் என்று ஒருவரும், அது எங்கள் உரிமை என்று மற்றவரும் சண்டை பிடிப்பார்கள். முன்பெல்லாம் அது வந்தால் நான் வெங்காயம் உரித்துக்கொண்டு இருப்பேன். இப்போது கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தேன். பாதி விளங்காது. என்றாலும் அந்த இரண்டுபேரும் என் மச்சானைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று பட்டது.

அவர்களைவிட மோசமான சண்டை எங்கள் அடுப்படியில் நடந்தது. விடுதியில் கொழும்பில் வங்கியில் வேலை செய்த ஒருவர் இருந்தார். எண்பத்துமூன்று கலவரத்தில் அவருடைய வீட்டோடு எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள். இன்னொருவர் யாழ்ப்பாணத்தில் படிப்பித்த மாஸ்டர். மச்சானின் கதையை நான் சொன்னதும் வங்கிக்காரர் அவன் பக்கம் நின்றார்.

"என்ரை கேற்றடியிலை வந்து நிண்டவங்களிட்டைப் பொல்லும் பெற்றோலும்தான் இருந்தது, மாஸ்டர். என்னட்டை ஒரு துவக்கு இருந்திருந்தா?"

"இருந்திருந்தா அடுத்தமுறை அவங்களும் துவக்கோடை வந்திருப்பாங்கள்."

"அடுத்தமுறையை அடுத்தமுறை பாத்திருப்பம். அண்டைக்கு என்ரை வீடு நிண்டிருக்கும்."

  அப்போது என் மனைவி, அரிசி கழுவிக்கொண்டு நின்றவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"என்ரை அண்ணனைச் சுட்டவனுக்கும் ஆரோ காவலுக்கெண்டு சொல்லித்தான் துவக்கைக் குடுத்திருப்பினம்."

 வங்கிக்காரர் போகும்போது அவளிடம், "குறை நினையாதேங்கோ தங்கச்சி," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அவர் கேட்ட கேள்வி என் மண்டைக்குள்ளேயே நின்றது. உண்மையைச் சொன்னால் இப்போதும் நிற்கிறது.

நான் கசெற் அனுப்பத் தொடங்கினேன். முதலில் பாசமாகச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டு பதில் அனுப்பினான்: "அத்தான், நீங்கள் அங்கை பொலிசைக் கூப்பிட்டா உடனை வரும். இஞ்சை நான் செத்தாப் பிறகு வந்து, என்னைச் சுத்திச் சோக்கட்டியாலை கோடு கீறுவான்."

பிறகு நியாயம் சொன்னேன். எங்கள் விடுதிக்குப் பின்வேலிக்கு அப்பால் ஊராரின் துப்பாக்கிச் சங்கம் இருந்தது. ஷுட்சன் பெராயின் என்பார்கள். தச்சுவேலை செய்கிறவரும், பாண் கடைக்காரரும், பல் வைத்தியரும் பச்சை உடுப்புப் போட்டுக்கொண்டு ஞாயிறு காலையில் வந்து, பலகையைக் குறிபார்த்துச் சுட்டுவிட்டு, பியர் குடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களின் விருந்துகளுக்கு மேசை அடுக்க, கிளாஸ் கழுவ நான் சம்பளமில்லாமல் உதவிக்குப் போவேன். துவக்குகள் ஒரு பெட்டகத்தில், ரவைகள் இன்னொன்றில். இரண்டின் சாவியும் ஒரே ஆளிடம் இருக்காது. ஜேர்மன்காரனும் சுடுகிறான், ஆனால் பூட்டி வைத்திருக்கிறான் பார் என்று விளக்கமாகச் சொல்லி அனுப்பினேன். நல்ல பேச்சு அது. மாஸ்டரே தலையாட்டினார்.

பதில் வந்தது: "கள்ளனிட்டை, கொஞ்சம் பொறு ராசா, மற்றச் சாவி பக்கத்து வீட்டிலை இருக்குது எண்டு சொல்லட்டோ அத்தான்?"

என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

மூன்றாவதாக நான் பதிந்ததுதான் பெரிய கசெற். ஒரு ஞாயிறு காலை. அறைக்குள் புழுக்கம். ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, ரேடியோவை ஜன்னல் கட்டையில் வைத்து, ஒரு பக்கம் முழுக்க இருந்த இருப்பில் கதைத்தேன். ஊரில் நாங்கள் சத்தத்துக்குப் பயந்து கிடந்ததை, அவன் அண்ணனை, அவன் மகளைப் பற்றியெல்லாம் சொன்னேன். கடைசியில், "தம்பி, இஞ்சை வந்து பார். ஒரு வெடிச்சத்தம் கேளாது. நிம்மதியா நித்திரை கொள்ளுறம். எங்களிட்டை ஒரு துவக்கும் இல்லை," என்று முடித்தேன். வழக்கம்போல என் மனைவி, தம்பியின் மகளான மருமகளுக்குக் கொஞ்சிக் கொஞ்சி நாலு வார்த்தை சொன்னாள். அந்தப் பிள்ளை எங்கள் கசெற்றுகளைக் கேட்டுத்தான் தமிழ் பழகியது. என்னை ஜேர்மன் மாமா என்று சொல்லும்.

தபாலில் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். பதில் இல்லை. இந்தத் தடவை கோபித்துவிட்டானோ, இல்லாவிட்டால் கடையில் ஏதாவது நடந்துவிட்டதோ என்று அவள் தபால்காரனைக் காணும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினாள். அவளைத் தேற்றுகிற எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் விடுதிப் பொறுப்பாளர் நடைபாதையில் நின்று என்னைக் கூப்பிட்டார். அமெரிக்காவிலிருந்து தொலைபேசி. போய் எடுத்தால் மச்சான். சுகம்கூடக் கேட்கவில்லை.

"அத்தான், உங்களை அங்கை ஆர் சுடுறாங்கள்?"

"ஆரும் சுடேல்லை. என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"கசெற்றிலை வெடி கேக்குது. நீங்கள் ஒரு வெடிச்சத்தம் கேளாது எண்டு சொல்லச் சொல்ல, பின்னாலை டப் டப் எண்டு கேக்குது."

 துப்பாக்கிச் சங்கத்தின் ஞாயிற்றுச் சூடு. அந்தச் சங்கம் எங்கள் பின்வேலியடியில்தான் என்று அவனுக்கு நான் சொன்னதில்லை. திறந்த ஜன்னலால் எல்லாம் கசெற்றுக்குள் விழுந்திருக்கிறது. நாங்கள் விடுதிக்கு வந்த முதல் ஞாயிறு அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் கட்டிலுக்குக் கீழே கிடந்தோம். வங்கிக்காரர் கீழ்த்தள ஜன்னலால் பாய்ந்து ரோசாப் பற்றைக்குள் விழுந்து, பொறுப்பாளர் வந்து தூக்கிவிட்டார். அவ்வளவு பயந்த நாங்கள், வருடம் இரண்டு போக, அதைக் கேட்பதையே விட்டிருந்தோம். பக்கத்து வீட்டுச் சேவல் கூவுகிற மாதிரி ஆகிவிட்டது. பதிந்த எனக்கும் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்த மனைவிக்கும் கேட்கவில்லை.

விஷயத்தை விளங்கப்படுத்தினேன். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. 

"பிள்ளையும் கேட்டுக்கொண்டு இருந்தவள், அத்தான்," என்றான்.

வெடிச்சத்தம் வந்ததும் பிள்ளை எழும்பி அறைக்குள் ஓடியிருக்கிறது. இவன் பின்னால் போய்ப் பார்த்தால், முக்காலியை இழுத்துக்கொண்டுபோய் அலுமாரிக்கு முன்னால் வைத்துவிட்டு நிற்கிறது. அந்த அலுமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தது துவக்கு. பெண்சாதிக்குக்கூட அந்த இடத்தைச் சொன்னதில்லை.

"என்னட்டைச் சொல்லுறாள், அப்பா, மாமாவைச் சுடுறாங்கள், உங்கடை துவக்கை எடுங்கோ எண்டு."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பிறகு சொன்னாள், கவனமா எடுங்கோ அப்பா, அது பாரம் எண்டு."

 நாலு வயதுப் பிள்ளைக்கு அது பாரம் என்று எப்படித் தெரியும்? அதை நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. 

அந்தக் கிழமையே அவன் துவக்கை வாங்கின கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். இரவு வேலையையும் விட்டுவிட்டு ஓர் ஆஸ்பத்திரியின் சமையலறையில் சேர்ந்தான். சம்பளம் குறைவு. நெற்றியில் துவக்கு வைக்க ஒருவரும் வரமாட்டார்கள். என் மனைவி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து, "அவனைத் திருத்தினது வெடிச்சத்தம், நீங்களில்லை," என்றாள். அதைக் கேட்டு வங்கிக்காரரும் மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் இரண்டுபேரும் ஒன்றாய்ச் சிரித்து நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

சிரிக்கட்டும். ஜன்னலைத் திறந்தது யார்? கதைத்தது யார்? என் பேச்சுக்காகத்தானே அந்தப் பிள்ளை ரேடியோவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தது?

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. இன்னமும் அமெரிக்காவில் சூடு என்று செய்தி வந்தால் என்னால் கதிரையில் இருக்க முடியாது. எந்த ஊர் என்று பார்த்து, அவர்கள் ஊரில்லை என்று தெரிந்த பிறகும் தொலைபேசி எடுப்பேன். போன வருடம் அவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்துவிட்டது. துவக்குச் சட்டத்தைப் பற்றி ஊர்மண்டபத்தில் கூட்டம் வைத்திருக்கிறார்கள். மச்சான் எழும்பிப் பேசியிருக்கிறான். கோழி அறுக்கிறதைப் பார்க்கமாட்டாதவன், ஒலிவாங்கிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கிறான். ஒரு பக்கத்தார் கை தட்டுகிறார்கள், மறுபக்கத்தார் கத்துகிறார்கள். அவன் அசையவில்லை. மருமகள் அதைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்பியிருந்தாள். என் மனைவி கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

முக்காலியைச் சொன்னான், பிஸ்கட் தகரத்தைச் சொன்னான், பிள்ளை சொன்னதைச் சொன்னான். கசெற் வந்த இடத்தில், "வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் அனுப்பியது" என்று ஒரே வசனத்தில் கடந்துபோய்விட்டான். அந்த ஆங்கிலத்தை என் மகன்தான் மொழிபெயர்த்தான். மூன்றுதரம் கேட்டேன், அப்படித்தான் சொன்னானா என்று. அப்படித்தான்.

உறவினர் ஒருவராம். தம்பி, நீ இதை வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஊரில் இந்தச் சண்டை இப்போதைக்கு முடியாது, நீ இன்னும் பல கூட்டங்களில் எழும்புவாய். எழும்பு, அதுதான் எங்களுக்கும் விருப்பம். ஆனால் அடுத்தமுறை அந்த இடம் வரும்போது கொஞ்சம் நின்று, என் அக்காவின் புருஷன், ஐந்தாம் வகுப்புப் படித்தவர், ஜேர்மனியில் அகதி விடுதி ஒன்றிலிருந்து எனக்கு மூன்று கசெற் பேசி அனுப்பினார், மூன்றாவதில்தான் நான் திருந்தினேன் என்று சொல்லு. பேர் சொல்லத் தேவையில்லை. இவ்வளவையும் சொல்லு.