தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கோல்போஸ்ட்

இடுப்பில் லேசாகக் குறுகிய அந்த மஞ்சள் டீ-ஷர்ட்டைச் சித்தி செக்கிங் டேபிள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மார்பில் கால்பந்து; கழுத்து லேபிளில் பெண்கள் அளவு. இரண்டாயிரத்து ஆறு, உலகக் கோப்பை பார்க்கப் போகும் வெளிநாட்டு ரசிகர்களுக்காக மண்ணரையில் எங்கள் பனியன் கம்பெனி மூச்சுவிடாமல் தைத்துக்கொண்டிருந்தது. கல்லூரி விடுமுறையில் நானும் பக்கத்தில் நின்று நூல் பிசிறு வெட்டினேன். “ஏட்டி, இது பொம்பளையளுக்கு உள்ளதுல்லா? அப்போ அங்க பொம்பளையளும் கிரவுண்டுக்குள்ள போறாளுவளா?” என்றாள். ஆமாம் என்றேன். கூரைவரை அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். “இத்தன பேரா?” அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் உலகத்துப் பெண்களுக்கெல்லாம் சட்டை அனுப்பும் நாங்கள் ஒரு மேட்சைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

முழுதாக என்றால் நிஜமாகவே முழுதாக. கம்பெனிக்குப் பின்னால்தான் மைதானம். ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தால், டீ டைமில் மொட்டைமாடிக்கு ஓடுவோம். வலப்பக்க கோல்போஸ்ட் தெரியும்; இடப்பக்கத்தைத் தண்ணீர்த் தொட்டி மறைத்துவிடும். அங்கே கோல் விழுந்தால் சத்தம் மட்டும் வரும். அடித்தது யார் என்று சித்தி அடித்துச் சொல்வாள். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்தவள் அவள். அண்ணன்மார் எல்லாரும் ஆட்டக்காரர்கள். சேறு படிந்த பனியன்களைத் துவைத்தது அவள். மைதானத்துப் பக்கம் பெண்களுக்கு எல்லை கோயில் மதிலோடு சரி. அவர்கள் போட்ட கோலெல்லாம் சோறு பரிமாறும்போது அவள் காதால் கேட்ட கதைகள்.

அந்த வருடம் எங்கள் மைதானத்தில் நடந்த ஊர்ப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போயே போய்விட்டோம். யாரும் தடுக்கவில்லை. கமிட்டிக்காரர் ஒருவர் ஓடி வந்தார். “வாங்க்கா, வா கண்ணு. கூட்டத்துல எதுக்குங்க சிரமம்? இப்படி உக்காருங்க.” பரிசு மேசைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டார். எதிரே ஆண்களின் முதுகுகள். டீ வந்தது, முறுக்கு வந்தது, பந்து மட்டும் கண்ணில் படவில்லை. சவுக்குக் கட்டையில் பலகை அடித்த கேலரியில் ஏறட்டுமா என்று கேட்டேன். “அங்க பசங்க கண்டபடி கத்துவானுங்க. உங்க காதுல உழுந்தா நல்லாருக்காதுங்க.” சித்தி சொன்னாள்: “கத்தட்டுமே, நாங்களும் கத்துதோம்.” அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு இன்னொரு டீ கொண்டுவரச் சொன்னார். இவ்வளவு மரியாதையோடு எப்படிச் சண்டை போடுவது? திரும்பும்போது சித்தி ஒன்றே ஒன்று சொன்னாள். “மொட்டைமாடியே தேவலட்டி. பாதியாவது தெரியும்லா.”

மூன்று வருடமாகிவிட்டது. சித்தி ஊருக்குத் திரும்பிவிட்டாள்; படிப்பை முடித்த நான் அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். மைதானத்தை ஒட்டிப் புதுக் கட்டடம் எழும்பியதில் இப்போது மாடியிலிருந்து பாதியும் தெரிவதில்லை. வரும் ஞாயிறு மறுபடி இறுதி ஆட்டம். செக்கிங் பெண்களையெல்லாம் கூட்டுச் சேர்த்துவிட்டேன். வெயில் இறங்குமுன்பே, ஆண்கள் வருவதற்குள், கேலரியின் நட்டநடு உச்சிப் பலகையில் வரிசையாக உட்காரப் போகிறோம். நாற்காலி போட்டால் கும்பிட்டு வேண்டாம் என்போம். டீ கொடுத்தால் மேலே வாங்கிக்கொள்வோம்.

சித்தியும் ரயிலேறி வருகிறாள். ஊசி ஓட்டை விழுந்ததால் அனுப்பாமல் கழித்துப்போட்ட ஒரு மஞ்சள் டீ-ஷர்ட் அவள் டிரங்குப் பெட்டியில் இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறதாம். கம்பெனியில் சேலைக்கு மேல் சட்டை மாட்டி வேலை பார்த்த மாதிரி இதையும் மாட்டிக்கொள்வாளாம். போனை வைக்குமுன் கேட்டாள்: “மேல ஏறுனா ரெண்டு போஸ்டும் தெரியுமாட்டி?”

தெரியும் என்று சொல்லிவிட்டேன். நானும் இன்னும் ஏறிப் பார்த்ததில்லை.